கருணையன், ஜான், இவான், ஹான்ஸ்... எல்லாமே ஒரே பெயரா? ‘யோஹனான்’ என்ற ஹீப்ரு பெயரின் கதை

பத்தாம் வகுப்பு தமிழ்ப் புத்தகத்துல ‘தேம்பாவணி’ பாடம் ஞாபகம் இருக்கா? புதிய பாடத்திட்டத்தில் படிச்சவங்களுக்குக் கண்டிப்பா இருக்கும். காட்டில் ஒரு தாயும் மகனும் வாழ்கிறார்கள். தாய் எலிசபெத் அம்மையார் இறந்துவிடுகிறார். தனியாக நிற்கும் மகன் புலம்பி அழ, அதைப் பார்த்துக் காடே அவனோடு சேர்ந்து அழுகிறது. அந்த மகனின் பெயர் கருணையன்.

மனப்பாடப் பகுதிக்காகப் படித்தபோது நம்மில் பலருக்கும் அது ஏதோ ஒரு காப்பியப் பாத்திரம். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கருணையன் பைபிளில் வரும் திருமுழுக்கு யோவான். இங்கிலீஷில் ஜான். உங்கள் ஆபீஸில் ஒரு ஜான் இருந்தால், அவருக்கும் கருணையனுக்கும் பெயர் ஒன்றுதான்.

இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், 18-ம் நூற்றாண்டில் 3,615 பாடல்களில் தேம்பாவணியை எழுதியபோது, கேட்க நல்லா இருக்கே என்று அந்தப் பெயரை வைக்கவில்லை. ஒரு ஹீப்ரு பெயரைப் பிரித்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதைத் தமிழில் சொன்னார்.

அப்படி அதற்குள் என்னதான் இருக்கு?

அது பெயர் இல்லை, ஒரு வாக்கியம்

மூலப் பெயர் யோஹனான். இன்னும் பழைய, முழு வடிவம் யெஹோஹனான். இதை இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் பாதி ‘யெஹோ’ அல்லது ‘யோ’. இது யூதர்களின் கடவுள் பெயரின் சுருக்கம். நான்கு எழுத்துகள் கொண்ட அந்தப் பெயரை யூதர்கள் வாய்விட்டு உச்சரிப்பதில்லை. நம்மூர் பைபிள்களில் யெகோவா என்றும், யாவே என்றும் வருவது அதுதான். வாயால் சொல்லக் கூடாத அந்தப் பெயரை, துண்டு துண்டாக ஆட்களின் பெயருக்குள் ஒட்டிவைத்தார்கள். பெயரின் தொடக்கத்தில் வந்தால் ‘யோ’. கடைசியில் வந்தால் ‘யா’, ‘யாஹு’.

இரண்டாம் பாதி ‘ஹனான்’. ‘ஹனன்’ என்றால் இரங்கினார், தயவு காட்டினார், அருள்புரிந்தார். முற்றுப்பெற்ற வினைச்சொல் அது.

இரண்டையும் சேர்த்தால், ‘கடவுள் அருள்புரிந்தார்’. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. அதாவது, யோஹனானை நீங்கள் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்கிறீர்கள்.

வாக்கியமாகப் பெயர் வைக்கும் பழக்கம் நமக்கும் புதுசு இல்லை. வரிசையாகப் பெண் குழந்தைகள் பிறந்த வீட்டில் ‘போதும்பொண்ணு’ என்று வைத்தார்களே, அதுவும் வாக்கியம்தான். ஆனால், அது எப்படிப்பட்ட வாக்கியம் என்பதை அந்தப் பெயரைச் சுமந்து வாழ்ந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

‘கடவுளின் பரிசு’ன்னு போட்டிருக்கே?

குழந்தைப் பெயர் தளங்கள் சிலவற்றில் ஜானுக்கு ‘கடவுளின் பரிசு’ என்று அர்த்தம் போட்டிருப்பார்கள். அது வேறு பெயர். ஹீப்ருவில் ‘நதன்’ என்றால் கொடுத்தார். யோ + நதன் = யோனதன். அதுதான் ஜொனாதன். இதையே திருப்பிப் போட்டால் நதன் + யாஹு. ஆமாம், செய்திகளில் தினமும் பார்க்கிற நெதன்யாகு. இஸ்ரேல் பிரதமரின் அண்ணன், 1976-ல் என்டெபி விமான நிலைய மீட்பு நடவடிக்கையில் இறந்த ராணுவ அதிகாரி, பெயர் யோனதன் நெதன்யாகு. ஒரே வாக்கியம், முன்னும் பின்னுமாக இரண்டு முறை!

ஆகவே ‘கொடுத்தார்’ வேறு, ‘இரங்கினார்’ வேறு. பெரிய மீனின் வயிற்றில் மூன்று நாள் இருந்த யோனாவும் தனி ஆள்தான். யோனா என்றால் புறா.

‘ஹனன்’ என்பதற்குள் இருக்கும் இரக்கம் கொஞ்சம் ஸ்பெஷல். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு, எந்தக் கட்டாயமும் இல்லாமல், திரும்ப எதையும் எதிர்பார்க்காமல் காட்டும் தயவு அது. இன்றைக்கு இஸ்ரேலில் பேசும் ஹீப்ருவில் இந்த வேர்ச்சொல்லின் குடும்பத்தைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். குற்றவாளிக்கு ஜனாதிபதி கொடுக்கும் பொதுமன்னிப்புக்குப் பெயர் ‘ஹனினா’. கடை வாசலில் ‘ஹினம்’ என்று எழுதிப் போட்டிருந்தால், ‘இலவசம்’ என்று அர்த்தம். சும்மா தர்றாங்க! அதே குடும்பம்தான்.

சாமுவேலின் தாய் ஹன்னா (தமிழ் பைபிளில் அன்னாள்) இதே வேரிலிருந்து வந்தவர். குழந்தை இல்லாமல் கோயிலில் அழுது வேண்டிய பெண் அவர். அந்த ஹன்னாதான் கிரேக்கம் வழியாக அன்னா ஆகி, ஆன் ஆகி, நம்மூரில் அன்னம்மாள் ஆனார். அதாவது அன்னம்மாளும் ஜானும் சொல் வழியில் பங்காளிகள்.

இன்னொரு சொந்தக்காரர் எதிர்பாராதவர். யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமை மிரட்டிய கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால். கார்த்தேஜில் பேசிய பியூனிக் மொழி, ஹீப்ருவுக்கு உடன்பிறந்த மொழி. ஹன்னி + பால்: ‘பாகால் அருள்புரிந்தார்’. பாகால் என்பது பைபிள் கடுமையாகத் திட்டும் அதே தெய்வம்தான். வாக்கியம் ஒன்று, சாமி மட்டும் வேறு.

பெயர் வைக்கும் அன்று நடந்த சண்டை

இந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஒரு பெயர்சூட்டும் சம்பவம். லூக்கா எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் அது வருகிறது. சினிமா காட்சி மாதிரியே இருக்கும்.

செக்கரியா ஒரு குரு. அவர் மனைவி எலிசபெத். இருவருக்கும் வயதாகிவிட்டது, குழந்தை இல்லை. எருசலேம் கோயிலில் தூபம் காட்டும் முறை செக்கரியாவுக்கு வருகிறது. உள்ளே போனவரிடம் கபிரியேல் தூதர் தோன்றி, உனக்கு மகன் பிறப்பான், அவனுக்கு யோவான் என்று பெயர் வை என்கிறார். இந்த வயசுலயா என்று செக்கரியா சந்தேகப்பட, அந்த இடத்திலேயே அவருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. வெளியே காத்திருந்த கூட்டத்திடம் சைகைதான் காட்ட முடிந்தது.

குழந்தை பிறக்கிறது. எட்டாம் நாள் விருத்தசேதனச் சடங்கு. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தினர் எல்லாம் கூடிவிட்டார்கள். அப்பா பெயரையே வைத்து ‘செக்கரியா’ என்று கூப்பிட ஆரம்பித்தும்விட்டார்கள். அப்போது எலிசபெத் குறுக்கிடுகிறார். இல்லை, யோவான்.

உடனே சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி இருக்கே, அதை நம் வீட்டு விசேஷங்களில் நீங்களே கேட்டிருப்பீர்கள். நம்ம வகையறாவுல யாருக்குமே இப்படி ஒரு பேர் இல்லையே? அம்மா சொன்னதை ஏற்காமல், வாய் பேச முடியாத அப்பாவிடம் சைகையில் போய்க் கேட்கிறார்கள். அவர் எழுதுபலகை ஒன்றை வாங்கி, இவன் பெயர் யோவான் என்று எழுதுகிறார். அந்த நொடியில் அவருக்குப் பேச்சு திரும்புகிறது.

செக்கரியா என்ற பெயரும் ஒரு வாக்கியம்தான்: ‘யாவே நினைவில் வைத்தார்’. நினைவில் வைத்தவர் இரங்கினார் என்று, அப்பா பெயரையும் மகன் பெயரையும் அடுத்தடுத்து வைத்தாலே அந்த வீட்டின் கதை வந்துவிடுகிறது. ஆனால் லூக்கா இதை எங்கேயும் விளக்கவில்லை. ‘இயேசு’, ‘இம்மானுவேல்’ பெயர்களுக்கு மத்தேயு நின்று அர்த்தம் சொல்கிறார். லூக்காவோ கிரேக்கத்தில் எழுதுகிறார். ஹீப்ரு தெரிந்தவருக்குப் புரியும், தெரியாதவருக்கு அது வெறும் பெயர். பெயரின் ஓசை ஒரு பக்கமும் பொருள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோகும் கதையின் ஆரம்பத்தை இங்கேயே பார்த்துவிடலாம்.

எருசலேமில் எத்தனை யோஹனான்கள்?

அந்தச் சொந்தக்காரர்கள் வீட்டில் இல்லை என்றாலும், ஊரில் அது ரொம்பவே பிரபலமான பெயர். எரேமியா புத்தகத்திலேயே ஒரு யோகனான் வருகிறார். பாபிலோனியர்கள் கி.மு. 6-ம் நூற்றாண்டில் எருசலேமை அழித்துவிட்டு, கெதலியா என்பவரை ஆளுநராக வைத்துவிட்டுப் போகிறார்கள். கரேயாவின் மகன் யோகனான் அவரிடம் போய், உங்களைக் கொல்ல ஆள் வருது என்று எச்சரிக்கிறார். கெதலியா நம்பவில்லை. கொல்லப்படுகிறார்.

பெயர் உண்மையில் ‘வைரல்’ ஆனது அதற்குப் பிறகு, மக்கபேயர் காலத்தில். கி.மு. 167 வாக்கில் கிரேக்கச் செலூக்கிய ஆட்சிக்கு எதிராக மத்தத்தியா என்ற குருவும் அவருடைய ஐந்து மகன்களும் கலகம் செய்தார்கள். யோவான், சீமோன், யூதா, எலெயாசர், யோனத்தான் என்பவை அந்த ஐந்து பேரின் பெயர்கள். ஜெயித்தார்கள். யூத அரசு மீண்டும் அமைந்தது. பின்னால் ஆண்ட யோவான் ஹிர்கானஸ் காலத்து நாணயங்களில் ‘தலைமைக் குரு யெஹோஹனான்’ என்று பழைய ஹீப்ரு எழுத்தில் பொறித்திருக்கிறார்கள்.

விளைவு என்ன தெரியுமா? அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு அந்த மண்ணில் சீமோனும் யூதாவும் எலெயாசரும் யோஹனானும்தான். அக்கால யூதப் பெயர்களைக் கல்வெட்டு, எலும்புப் பெட்டி, ஆவணம் என்று தேடித் தொகுத்த வரலாற்றாய்வாளர் டால் இலானின் பட்டியலில், ஆண் பெயர்களில் யோஹனான் முதல் ஆறு இடங்களுக்குள் வருகிறது. சுதந்திரப் போராட்டம் முடிந்தபின் நம் தெருக்களில் காந்தி, நேரு, சுபாஷ் என்று குழந்தைகள் ஓடியது போலத்தான். பக்திப் பெயர் அரசியல் பெயராகவும் ஆகிவிட்டது.

அந்த ஆயிரக்கணக்கான யோஹனான்களில் ஒருவரை மட்டும் நாம் கிட்டத்தட்ட நேரிலேயே பார்க்க முடிகிறது.

1968-ல் எருசலேமின் வடகிழக்கே கிவாத் ஹமிவ்தார் என்ற இடத்தில் கட்டடப் பணியின்போது பழைய கல்லறைக் குகைகள் வெளிப்பட்டன. உள்ளே சுண்ணாம்புக்கல் எலும்புப் பெட்டிகள். இறந்தவரைக் குகையில் வைத்து, சதை மக்கிய பிறகு எலும்புகளைச் சேகரித்துப் பெட்டியில் போடுவது அக்கால யூத வழக்கம். அதில் ஒரு பெட்டியில் கீறியிருந்த பெயர் யெஹோஹனான். உள்ளே இருந்தவை இருபதுகளில் இருந்த ஓர் இளைஞனின் எலும்புகள். அவற்றில் வலது குதிகால் எலும்பைத் துளைத்துக்கொண்டு ஓர் இரும்பு ஆணி நின்றது.

ரோமானியர்கள் அவரைச் சிலுவையில் அறைந்திருக்கிறார்கள். ஆணியின் முனை வளைந்துபோயிருந்தது. அதனால்தான் சிலுவையிலிருந்து இறக்கியவர்களால் அதைப் பிடுங்க முடியவில்லை. எலும்போடு அப்படியே அடக்கம் செய்துவிட்டார்கள். சிலுவைத் தண்டனை பற்றி எழுத்துகளில் எவ்வளவோ இருந்தாலும், நேரடியாகக் கையில் கிடைத்த முதல் தொல்லியல் சான்று இதுதான். அவர் செய்த குற்றம் என்ன என்பதற்குப் பெட்டியில் ஒரு குறிப்பும் இல்லை.

ஒரு வீட்டில் ஆண் குழந்தை பிறந்து, ‘கடவுள் அருள்புரிந்தார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருபத்துச் சொச்சம் வருடங்கள் கழித்து அதே பெயரை, யாரோ ஒருவர் கூரான எதையோ வைத்துக் கல்லில் கீறியிருக்கிறார். அந்த எழுத்துகளின் போட்டோவை இணையத்தில் பார்க்கலாம். ஒழுங்கில்லாத கையெழுத்து. இந்தக் கட்டுரைக்காக இதைத் தேடியபோது, ஆணியை விட அந்தக் கையெழுத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன்.

‘ஹ’ எங்கே போச்சு?

யோஹனான் ஊரைவிட்டுக் கிளம்பியதும் முதலில் கிரேக்கர்கள் கையில் மாட்டினார். தொண்டையிலிருந்து வரும் அந்த ‘ஹ’வைச் சொல்லின் நடுவில் எழுதக் கிரேக்கத்தில் எழுத்து இல்லை. அது போனது. ஆண் பெயர் என்றால் கிரேக்க இலக்கணப்படி வால் ஒன்று வேண்டும். அது வந்து ஒட்டியது. யோஹனான், இயோஅன்னேஸ் ஆனார். லத்தீனில் அது யோஹன்னஸ். அங்கிருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய் ஜான். ‘ஜ’ ஓசைக்கும் ஹீப்ருவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்தது.

அதன்பிறகு ஐரோப்பாவில் யார் வீட்டுக்கதவைத் தட்டினாலும் இவர்தான் திறக்கிறார். இத்தாலியில் ஜியோவானி, ஸ்பெயினில் ஹுவான், போர்ச்சுகலில் ஜோவாவ், பிரான்ஸில் ழான், ரஷ்யாவில் இவான், போலந்தில் யான், ஹங்கேரியில் யானோஷ், ஆர்மீனியாவில் ஹொவான்னெஸ், எத்தியோப்பியாவில் யோஹன்னஸ். கூடைப்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்த யானிஸ் அன்டெடோகும்போவின் ‘யானிஸ்’ கிரேக்க ஜான். அயர்லாந்தில் லத்தீனிலிருந்து நேராக வந்த ‘ஓவென்’ முன்பே இருந்தது. பிறகு நார்மன்கள் வந்து பிரெஞ்சு வடிவத்தை இறக்க, அது ஷான் ஆனது. ஸ்காட்லாந்தில் இயன். வேல்ஸில் எவன். எவனுக்கு ‘இளம் வீரன்’ என்று சில தளங்கள் போடுவதை நம்ப வேண்டாம்.

ஜான்சன், ஜோன்ஸ், ஜாக்சன், ஜென்சன், இவானோவ் எல்லாம் ஜானின் பிள்ளைகள். ஜாக்சன் எப்படி? ஜான் + ‘கின்’ என்ற செல்ல விகுதி, ஜான்கின், ஜாக்கின், ஜாக். எல்.கே.ஜி.யில் தண்ணி எடுக்கப்போய் விழுந்த ஜாக்கும் இவர்தான். 1980-ல் மகேந்திரன் இயக்கத்தில் ரஜினி நடித்த ‘ஜானி’யும் இவர்தான்.

பெண் பெயர்களும் குறைவில்லை. ஜோனா, ஜோன், ஜேன், ஜேனட், ஜியோவானா, இவானா. இயேசுவோடு பயணம் செய்த பெண்களில் ஒருவராக யோவன்னாவை லூக்காவே குறிப்பிடுகிறார். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஜோன் என்று எழுதும் அதே எழுத்துகள் கேட்டலான் மொழியில் ஆண் பெயர். ஓவியர் ஜோன் மிரோ, பார்சிலோனா கிளப்பின் ஜோன் லாபோர்டா இருவரும் ஆண்கள்.

போப்களில் மட்டும் இந்தப் பெயரில் 23-ம் எண் வரை உண்டு. ஆனால் எண்ணிப் பார்த்தால் 23 பேர் இல்லை. இடைக்காலத்தில் கணக்கு குழம்பியதில் 20-ம் ஜான் என்று ஒருவர் இல்லவே இல்லை.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது ஜெர்மன்காரர்களின் வேலை. அவர்கள் யோஹன்னஸை நடுவில் உடைத்தார்கள். முன்பாதியை விட்டுவிட்டு ‘ஹன்னஸ்’ஸை மட்டும் எடுத்துச் சுருக்கி ‘ஹான்ஸ்’ ஆக்கினார்கள். இப்போது பெயரைப் பிரித்துப் பாருங்கள். ‘யோ’ போய்விட்டது, அதாவது கடவுள் போய்விட்டார். அருள் மட்டும் மிச்சம்.

ஆனால் எந்த ஹான்ஸுக்கு இது தெரியும்? எந்த இவானுக்கு? ஓசை மட்டும் ஊர் ஊராகப் போனது. அந்தப் பழைய வாக்கியம் எருசலேமோடு நின்றுவிட்டது.

யஹ்யா: அரபு கொடுத்த ஆச்சரியம்

கிறிஸ்தவ அரபுகள் இவரை யூஹன்னா என்கிறார்கள். குர்ஆனில் அவர் பெயர் யஹ்யா. ஜக்கரிய்யாவின் முதிய வயது, வேண்டுதல், பேச முடியாத மூன்று இரவுகள் எல்லாம் 19-வது அத்தியாயமான மர்யமில் வருகின்றன. இந்தப் பெயரை இதற்கு முன் யாருக்கும் வைத்ததில்லை என்றும் அங்கே சொல்லப்படுகிறது. யஹ்யா என்ற சொல் அரபுக் காதுக்கு ‘அவர் வாழ்கிறார்’ என்பதுபோலக் கேட்கும். யோஹனானின் ‘அருள்’ அதில் இல்லை.

ஆனால், அதே அத்தியாயத்தின் 13-வது வசனத்தில் இறைவன் யஹ்யாவுக்குக் கொடுத்தவற்றைச் சொல்லும் இடத்தில் வரும் சொல் ‘ஹனான்’. அரபியில் பரிவு, கனிவு என்று பொருள். ஹீப்ரு ஹனானின் நேரடிச் சொந்தம். பெயரிலிருந்து விடைபெற்ற பொருள், பக்கத்து வரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது! இன்றும் அரபு நாடுகளில் பெண்களுக்கு ஹனான் என்று பெயர் வைக்கிறார்கள்.

டமாஸ்கஸின் உமையா பள்ளிவாசலுக்குள் யஹ்யாவின் தலை இருப்பதாக நம்பப்படும் சமாதி ஒன்று உண்டு. 2001-ல் போப் இரண்டாம் ஜான் பால் அங்கே போய் நின்றார். ஜானின் சமாதி முன்னால் இன்னொரு ஜான்.

கேரளத்தில் உலஹன்னான், கோவாவில் கிணற்றுக் குதியல்

இந்தியாவுக்கு இந்தப் பெயர் ஒரே வழியில் வரவில்லை. கேரளத்துக்குச் சிரியாக் மொழி பேசும் திருச்சபைகள் வழியாக வந்தது. அதனால் அங்கே இன்னும் ‘ஹ’வோடும் ‘ன்னான்’ ஓசையோடும் யோஹன்னான் இருக்கிறார். இன்னும் நாட்டுப்புறமாக உலஹன்னான். 2017-ல் வந்த ‘முந்திரிவள்ளிகள் தளிர்க்கும்போள்’ படத்தில் மோகன்லாலின் பெயர் அதுதான். ஜான் என்பதைவிட உலஹன்னான்தான் மூலத்துக்குக் கிட்டே நிற்கிறார் என்றால் நம்புவீங்களா?

கோவாவில் போர்ச்சுகீசிய ஜோவாவ். ஜூன் 24, திருமுழுக்கு யோவானின் பிறந்தநாள். பருவமழை நிறைத்து வைத்த கிணறுகளில் பூக்கிரீடம் சூடிய இளைஞர்கள் குதித்து ஆடுவார்கள். அந்தத் திருவிழாவின் பெயரே ‘சாவ் ஜோவாவ்’.

தமிழ்நாட்டுக்கு வந்தபோது மட்டும் வேறு ஒன்று நடந்தது.

அருளப்பர் எப்படி வந்தார்?

தமிழ்க் கத்தோலிக்க மரபில் யோவானுக்குப் பெயர் அருளப்பர். அருள் + அப்பர். ஓசையைப் பற்றிக் கவலைப்படாமல் பொருளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார்கள். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் ‘சிறியவர்’ என்று பொருள். எனவே அவர் சின்னப்பர். யோசேப்பு என்றால் ‘அவர் பெருகச் செய்வாராக’. வீரமாமுனிவர் தேம்பாவணியின் நாயகனான யோசேப்புக்கு வைத்த பெயர் வளன். அந்த வரிசையில்தான் கருணையனும் வருகிறார்.

எல்லாப் பெயருக்கும் இப்படிச் செய்யவில்லை. சவேரியாரும் அந்தோணியாரும் ஓசையோடு வந்தவர்கள்தான். ஆனால் செய்த இடத்தில் நன்றாகச் செய்திருக்கிறார்கள். திருக்குறளில் அன்புடைமை 8-வது அதிகாரம், இல்லறவியலில். அருளுடைமை 25-வது அதிகாரம், துறவறவியலில். நம்மைச் சார்ந்தவர் மேல் வருவது அன்பு. சொந்தம், கணக்கு எதுவும் பார்க்காமல் எல்லா உயிர் மேலும் வருவது அருள். ‘ஹனன்’ சொல்வதும் இதற்கு மிகக் கிட்டத்தில்தான். ‘அன்பப்பர்’ என்று வைத்திருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

இந்த மொழிபெயர்ப்பைத் தன் மேலேயே போட்டுக்கொண்ட ஒருவரும் உண்டு. 1647-ல் லிஸ்பனில் பிறந்த ஜோவாவ் டி பிரிட்டோ. மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்து, சைவ உணவு உண்டு, தமிழ்ப் பண்டாரசாமியாக வாழ்ந்தவர். ஜோவாவில் இருந்த அருளை எடுத்து அவர் அருளானந்தர் ஆனார். 1693 பிப்ரவரி 4 அன்று இன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947-ல் புனிதர் பட்டம் தரப்பட்டது. ஓரியூரின் சிவப்பு மண்ணை மக்கள் இன்றும் எடுத்துப்போகிறார்கள். மதுரை பக்கம் கருமாத்தூரில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. ஒரு வேடிக்கை: அவருடைய குடும்பப் பெயரான பிரிட்டோவும் தமிழ்நாட்டில் தனிப் பெயராகிவிட்டது. ஆக அருளானந்தம், பிரிட்டோ, ஜான் என்று மூன்று பேர் ஒரே வகுப்பில் இருந்தால், மூவருமே அவர் பெயர்தான்.

சரி, இப்போ அருளப்பர் எங்கே? கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட் சபைகளும் சேர்ந்து 1995-ல் வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் ‘யோவான்’தான் நின்றது. ஒரே நூலை எல்லாச் சபைகளும் படிக்க வேண்டும் என்றால் ஒரு பெயர்தான் இருக்க முடியும். உலகம் முழுக்க அடையாளம் தெரிகிற ஓசையைத் தேர்ந்தெடுத்தார்கள். நியாயம்தான். அருளப்பர் என்றால் யார் என்று பக்கத்துச் சபைக்காரருக்கே தெரியாமல் போவது நடைமுறைச் சிக்கல். கருணையன் யார் என்று தெரியாமலேயே நாம் பரீட்சை எழுதினோமே.

இருந்தாலும் எனக்கு ஒரு வருத்தம். ஓசையைக் காப்பாற்றத்தான் உலகத்தில் நூறு மொழிகள் இருக்கின்றன. அந்த வாக்கியத்தை உச்சரிக்கும்போதே புரியும்படி வைத்திருந்த இடங்கள் ரொம்பக் குறைவு. ‘அருளப்பா’ என்று பேரனைக் கூப்பிட்ட ஒரு பாட்டிக்கு ஹீப்ருவில் ஒரு எழுத்துகூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் எலிசபெத் அந்தக் கூட்டத்தில் என்ன சொல்லிக் கூப்பிட்டாரோ, அதையேதான் பாட்டியும் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்குப் பிள்ளைகளுக்கு எவன், இவான், ஷான், ரொம்ப ஸ்டைலாக வேண்டும் என்றால் யோஹன். விஜய் நடிக்க கௌதம் மேனன் இயக்குவதாக அறிவித்து, கடைசியில் கைவிடப்பட்ட படத்தின் பெயர்கூட ‘யோஹன்: அத்தியாயம் ஒன்று’தான்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துபாருங்கள். தாத்தா அருளப்பன். அப்பா ஜான். பையனுக்கு நெட்டில் தேடிப்பிடித்து இவான் என்று வைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் வேறு வேறு பெயர் என்றுதான் வீட்டில் நினைப்பு. பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது இனிஷியலை விரித்து எழுத வேண்டியிருக்கிறது. படிவத்தில் வருகிறது: அருளப்பன் ஜான் இவான்.